விமான விபத்துச் செய்திகளில் எதை நம்புவது? ஏர் இந்தியா 171 குறித்து ஒரு கேள்வி

கேள்வி: தாமிரபரணி | 15 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம்.

அகமதாபாத்திலிருந்து லண்டன் கேட்விக் செல்லப் புறப்பட்ட ஏர் இந்தியா 171 விமானம், 2025 ஜூன் 12 அன்று பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். அன்றிலிருந்து இது தொடர்பாக வந்த செய்திகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விடாமல் படித்துவருகிறேன். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, உறுதியாகத் தெரிந்தவை எவை, யாரோ ஊகித்துச் சொன்னவை எவை என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் இருக்கிறேன்.

முதலில் பறவை மோதியது என்றார்கள். அடுத்து விமானிகள் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள, மேலெழ உதவும் பலகைகளை) விரிக்க மறந்துவிட்டார்கள் என்றார்கள். பிறகு அளவுக்கு மீறிய எடை, எரிபொருளில் கலப்படம், துருக்கி நிறுவனத்தின் பராமரிப்பு என்று நாளுக்கொரு காரணம் வந்தது. உயிர்பிழைத்த ஒரே பயணி 11ஏ இருக்கையில் அமர்ந்திருந்தார் என்றதும், 1998-இல் தாய்லாந்தில் நடந்த விபத்தில் பிழைத்தவரும் அதே எண் இருக்கையில்தான் இருந்தார் என்று ஒரு சுற்று ஓடியது. விபத்தில் இறந்த குஜராத் முன்னாள் முதல்வர் விஜய் ரூபானியின் வாகன எண் 1206 என்பதையும் விபத்து நடந்த தேதியையும் சேர்த்து வைத்து, சோதிடர்களைக் கொண்டு இன்னொரு சுற்று நடந்தது. ஜூலையில் இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வெளியானதும் இவை அனைத்தும் ஒரே இரவில் காணாமல் போயின. விமானியே வேண்டுமென்று செய்தார் என்ற ஒற்றைச் செய்திதான் எஞ்சியது.

சென்ற வாரம், தலைமை விமானியின் வயது முதிர்ந்த தந்தை தொடுத்த வழக்கில், உங்கள் மகனை யாரும் குறை சொல்ல முடியாது, அந்தச் சுமையை நீங்கள் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் ஆறுதல் கூறியிருக்கிறது. அப்படியானால் அந்த அறிக்கையில் உண்மையில் இருப்பது என்ன? அதிலிருந்து அந்தத் தலைப்புச் செய்தி எவ்வாறு உருவானது? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய ஹேங்கர்

தாமிரபரணி அவர்களுக்கு வணக்கம். நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அறிக்கை பதினைந்தே பக்கங்கள்தான். தொலைக்காட்சியில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்களில் எத்தனை பேர் அதை முழுமையாகப் படித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஐயமே.

நீங்கள் பட்டியலிட்ட ஊகங்களை முதலில் பார்த்துவிடலாம். ஃபிளாப் நெம்புகோல் சிதைவுகளில் 5 பாகை நிலையில் கிடைத்தது. அது புறப்பாட்டுக்கு உரிய நிலைதான். விமானத்தின் புறப்பாட்டு எடை 2,13,401 கிலோ. அனுமதிக்கப்பட்ட உச்சம் 2,18,183 கிலோ. எரிபொருள் நிரப்பிய வண்டிகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் எடுத்த மாதிரிகள் சோதனையில் சரியாகவே இருந்தன. பறக்கும் பாதையில் குறிப்பிடத்தக்க அளவில் பறவைகள் தென்படவில்லை. துருக்கி நிறுவனத்தைப் பொறுத்தவரை, அதன் ஒப்பந்தம் 777 வகை விமானங்களுக்கு மட்டுமே உரியது என்று அந்நாட்டு அரசு அந்த வாரத்திலேயே விளக்கிவிட்டது, விழுந்ததோ 787. ஒரு மாதம் முழுவதும் வரைபடங்களோடும் சிவப்பு வட்டங்களோடும் நமக்குப் போதிக்கப்பட்ட காரணங்களை இந்த அறிக்கை சில பத்திகளில் அடித்துவிட்டது. "நாங்கள் சொன்னது தவறு" என்று ஓர் அலைவரிசைகூட அறிவித்ததாக நான் பார்க்கவில்லை.

இனி, அறிக்கை சொல்வது. பிற்பகல் 1 மணி 38 நிமிடம் 39-ஆம் நொடியில் விமானம் தரையை விட்டு எழுகிறது. 42-ஆம் நொடியில் 180 நாட் வேகத்தை எட்டுகிறது. உடனே இரு என்ஜின்களுக்கும் எரிபொருள் அனுப்பும் சுவிட்சுகள், ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, 'ரன்' நிலையிலிருந்து 'கட் ஆஃப்' நிலைக்கு மாறுகின்றன. பத்து நொடிகள் கழித்து முதல் சுவிட்சும், மேலும் நான்கு நொடிகள் கழித்து இரண்டாவது சுவிட்சும் மீண்டும் 'ரன்' நிலைக்கு வருகின்றன. முதல் என்ஜின் மீளத் தொடங்கியும் உயரம் போதவில்லை. 1:39:05-க்கு 'மேடே' என்ற அபாய அழைப்பு. 1:39:11-க்குப் பதிவு நின்றுவிடுகிறது. எழுந்ததிலிருந்து முடிவு வரை அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல்.

இவற்றுக்கு நடுவே ஒரு வரி வருகிறது. ஒரு விமானி மற்றவரிடம் ஏன் எரிபொருளை நிறுத்தினாய் என்று கேட்பதும், மற்றவர் தான் நிறுத்தவில்லை என்று பதில் சொல்வதும் ஒலிப்பதிவில் கேட்கின்றன என்பதே அது. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அறிக்கை சொல்லவில்லை. அந்த உரையாடல் எந்த நொடியில் நிகழ்ந்தது என்பதும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பேசியது என்ன, சுவிட்சை இழுக்கும் ஒலி பதிவாகியிருக்கிறதா என்பவையும் இல்லை. சொல்லுக்குச் சொல் எழுத்துப்படியும் இல்லை. புலனாய்வாளர்கள் தம் நடையில் எழுதிய சுருக்கம் மட்டுமே இருக்கிறது.

அந்தச் சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உந்துவிசை நெம்புகோல்களுக்குக் கீழே, இருபுறமும் தடுப்பு வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். மேல்நோக்கி இழுத்துத் தடத்தைத் தாண்டித்தான் நகர்த்த முடியும். கை பட்டு விழுவதற்கு அது வீட்டு மின்விளக்கு சுவிட்ச் அன்று. அதனால்தான் சந்தேகம் விமானிகள் பக்கம் சாய்ந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே அறிக்கையில், இந்தப் பூட்டு அமைப்பு சில 737 விமானங்களில் விலகிய நிலையில் பொருத்தப்பட்டிருந்ததை ஒட்டி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்ட அறிவுறுத்தலும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அது கட்டாயமில்லை என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அதே வேளையில், 2019-லும் 2023-லும் அந்தச் சுவிட்சுகள் அடங்கிய பகுதி முழுவதுமாக மாற்றப்பட்டிருக்கிறது. 2023-க்குப் பிறகு அதில் கோளாறு பதிவாகவில்லை. விபத்துக்குப் பிறகு தம்மிடம் உள்ள 787, 737 விமானங்களைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை என்று நிறுவனமும் ஜூலையில் அறிவித்தது. ஆக, இரு பக்கமும் தகவல்கள் உள்ளன, முடிவு இல்லை.

என் மனக்குறை செய்தியாளர்கள் மீது மட்டும் இல்லை, புலனாய்வுப் பிரிவின் மீதும் உண்டு. அந்த உரையாடலை முழுமையாகத் தந்திருக்க வேண்டும், இல்லையேல் ஒரு வரியும் தந்திருக்கக் கூடாது. பேசியவர் யார் என்பதை மறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் வெளியிட்டால், அந்த இடைவெளியை நிரப்ப உலகம் முழுவதும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

மறுமொழி 2: செய்திமேசை

தலைப்பு எப்படி உருவானது என்று கேட்டிருந்தீர்கள். நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஜூலை நடுவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அமெரிக்க அதிகாரிகளின் தொடக்கநிலை மதிப்பீட்டை அறிந்தவர்களை ஆதாரமாகக் காட்டி, சுவிட்சுகளை நிறுத்தியவர் தலைமை விமானியாக இருக்கலாம் என்று ஒலிப்பதிவு உணர்த்துவதாக எழுதியது. அந்த மூலச் செய்தியிலாவது 'தொடக்கநிலை', 'உணர்த்துகிறது', 'அறிந்தவர்கள்' என்ற மூன்று அடுக்கு எச்சரிக்கை இருந்தது. அதை எடுத்தாளும் இணையதளம் ஓர் அடுக்கை உரித்துவிடும்; அதைப் பார்த்து எழுதும் தமிழ்த் தளம் இன்னொன்றை உரித்துவிடும்; ஐந்து சொற்களில் தலைப்பு வைத்தாக வேண்டிய இரவுப் பணியாளர் மிச்சத்தையும் உரித்துவிடுவார். இவர்களில் எவரும் பொய் எழுத நினைத்தவர் அல்லர். யூடியூப் முகப்புப் படத்துக்கு வரும்போது விமானியின் முகமும் ஒரு கேள்விக்குறியும் "பகீர்" என்ற சொல்லும் மட்டுமே எஞ்சியிருக்கும். கேள்விக்குறி போட்டுவிட்டால் வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்பது எங்கள் தொழிலில் பழைய நம்பிக்கை.

தொலைக்காட்சியின் சிக்கல் வேறு. அவர்களிடம் விமானி அறையின் காட்சி இல்லை; ஆனால் திரை வெறுமையாக இருக்கக் கூடாது. எனவே அசைவூட்டப் படத்தில் ஒரு கை சுவிட்சை நோக்கி நகர்வதாகக் காட்டுகிறார்கள். அறிக்கையில் எங்கும் இல்லாத அந்தக் கை, பார்ப்பவர் மனத்தில் கண்ணால் கண்ட சாட்சியாகப் பதிந்துவிடுகிறது. எழுத்தில் ஒரு 'கூடும்' போட்டுத் தப்பிக்கலாம். படத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஜூலை 17 அன்று, சில பன்னாட்டு ஊடகங்கள் தேர்ந்தெடுத்த, உறுதிப்படுத்தப்படாத தகவல்களை வைத்து முடிவுகட்டுவதாகப் புலனாய்வுப் பிரிவு கண்டித்தது. மறுநாள் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிபர் ஹோமண்டியும் அச்செய்திகள் அவசரப்பட்டு முடிவுகட்டுபவை, ஊகமானவை என்றார். இந்திய விமானிகள் கூட்டமைப்பு வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்கும் ராய்ட்டர்ஸுக்கும் சட்ட அறிவிக்கை அனுப்பியது. இந்த மறுப்புகள் எங்கள் பக்கங்களில் எங்கே வந்தன என்று தேடிப் பாருங்கள். மூல ஊகம் பெற்ற இடத்தில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆதாரம் அதிகாரப்பூர்வமானது என்பதும் போதாது. 2013 ஜூலையில் ஏஷியானா 214 விமானம் சான்பிரான்சிஸ்கோவில் விபத்துக்குள்ளானபோது, அப்பகுதித் தொலைக்காட்சி நிலையமான கேடிவியூ, விமானிகளின் பெயர்கள் என்று நான்கு போலிப் பெயர்களை நேரலையில் வாசித்தது. அவை ஆசிய மக்களைக் கேலி செய்வதற்காக எவரோ புனைந்தவை. வாய்விட்டு வாசித்தாலே அகப்பட்டிருக்கும். ஆனால் நிலையத்தார் மேலே சொன்ன போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தைத் தொடர்புகொண்டு உறுதிசெய்துகொண்டிருந்தார்கள்! அங்கே தொலைபேசியை எடுத்தவர் கோடை விடுமுறைப் பயிற்சி மாணவர். மூன்று பேர் இறந்த விபத்து அது. அந்த வாரம் முழுவதும் பேசப்பட்டது அந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

மறுமொழி 3: மறுதரப்பு

இருவரும் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இந்த உரையாடல், இறுதி அறிக்கை வரும்வரை செய்தியாளர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற இடத்துக்குச் சென்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

போயிங் 737 மேக்ஸ் நினைவிருக்கிறதா? 2018 அக்டோபரில் லயன் ஏர் விபத்தில் 189 பேரும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் விபத்தில் 157 பேரும் இறந்தனர். முதல் விபத்துக்குப் பிறகு, வளரும் நாட்டு விமானிகள், வளரும் நாட்டுப் பராமரிப்பு என்ற பேச்சுதான் மேலோங்கியிருந்தது. இரண்டாம் விபத்து நடந்த ஒரு வாரத்தில் சியாட்டில் டைம்ஸ் ஏட்டின் டொமினிக் கேட்ஸ் எழுதிய கட்டுரை அதைப் புரட்டிப்போட்டது. எம்-காஸ் என்ற தானியங்கி அமைப்பு ஒரே ஓர் உணரியை நம்பி இயங்கியதையும், வால்பகுதியை ஒருமுறைக்கு 0.6 பாகை வரையே நகர்த்தும் என்று பாதுகாப்புப் பகுப்பாய்வில் காட்டிவிட்டு, உண்மையில் 2.5 பாகை வரை நகர்த்தும்படி வைத்திருந்ததையும் அவர் வெளிக்கொணர்ந்தார். எந்த இறுதி அறிக்கைக்கும் அவர் காத்திருக்கவில்லை. அவரும் அவருடைய சகாக்களும் 2020-இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள்.

ஜெர்மன்விங்ஸ் 9525 இன்னும் சங்கடமான எடுத்துக்காட்டு. 2015 மார்ச் 24 அன்று 150 பேருடன் அது ஆல்ப்ஸ் மலையில் மோதியது. ஒரு விமானி வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார் என்ற கசிந்த தகவலை மறுநாளே நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதற்கடுத்த நாள் மார்சேய் அரசு வழக்குரைஞர் அதை உறுதிப்படுத்தி, உள்ளே இருந்த துணை விமானி வேண்டுமென்றே மோதச் செய்தார் என்றார். ஓராண்டு கழித்து வந்த பிரெஞ்சுப் புலனாய்வு அறிக்கையும் அதையே சொன்னது. அந்தக் கசிவு சரியாக இருந்தது. ஏர் இந்தியா விவகாரத்திலும் கசிவு தவறாகத்தான் இருக்கும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் விபத்தைப் புலனாய்வு செய்யும் பிரிவும், விமானங்களுக்கு உரிமம் வழங்கும் டிஜிசிஏவும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. மேற்பார்வையில் பிழை இருந்தால் அதைத் தோண்டி எடுக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டாமா?

மறுமொழி 4: பழைய ஹேங்கர்

நண்பர் மறுதரப்பு நல்ல கேள்வி எழுப்பினார். கேட்ஸ் செய்ததும் இங்கே நடந்ததும் ஒரே வகை வேலை அல்ல என்பதே என் பதில். அவர் பொறியியல் ஆவணங்களையும் அவற்றை அறிந்த பொறியாளர்களையும் தேடிப் போனார். கட்டுரையை அச்சிடும் முன் போயிங்கிடமும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடமும் விளக்கம் கேட்டார். அவருடைய இலக்கு ஓர் அமைப்பின் வடிவமைப்பு. அதை எவர் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியும். இங்கே இலக்கு, பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு மனிதரின் மனநிலை. அதை எந்த வாசகரும் சரிபார்க்க இயலாது.

ஜெர்மன்விங்ஸ் கசிவு சரியாக இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே இரண்டே நாளில் ஓர் அதிகாரி தம் பெயரோடு மேடையேறி, ஒலிப்பதிவில் கேட்டவற்றை வரிசையாக விவரித்தார். கசிவு தவறாக இருந்திருந்தால் அன்றே அம்பலமாகியிருக்கும். இங்கே அப்படிச் சொல்ல எவரும் முன்வரவில்லை. அதிகாரிகள் பேசினால் ஊகம் அடங்கிவிடும் என்றும் முழுமையாகச் சொல்வதற்கில்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணியர் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, புலனாய்வு வாரியம் அடுத்தடுத்த நாள்களில் செய்தியாளர்களைச் சந்தித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் ஹெலிகாப்டரை ஓட்டியவர் என்று, அதில் இல்லவே இல்லாத ஒருவரின் படம் இணையம் முழுவதும் பரவியது. தான் உயிருடன் இருப்பதை அவரே காணொளி வெளியிட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று.

மறுமொழி 5: நீலகிரியான்

விமானியை வில்லனாக்குவது மட்டுமல்ல, நாயகனாக்குவதும் இதே நோயின் மறுபக்கம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தனர். ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை அறிக்கை வந்தபோது, விமானி அறை ஒலிப்பதிவில் தலைமை விமானியின் குறட்டை ஒலி பதிவாகியிருந்தது என்பதே எங்கும் தலைப்பாயிற்று. அறிக்கையின் மையமோ வேறு. விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தது. துணை விமானி மூன்று முறை தரையிறக்கத்தைக் கைவிடச் சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்தார். 8,000 அடிக்குச் சற்றே கூடுதலான ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. களைப்பும் ஒரு கூறுதான். ஆனால் குறட்டைக்குக் கிடைத்த தலைப்பு அந்த மூன்று எச்சரிக்கைகளுக்குக் கிடைக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தனர். இம்முறை விமானி நாயகன். தன்னுயிரைக் கொடுத்து, தீப்பிடிக்காமல் காப்பாற்றினார் என்று வாட்ஸ்அப்பில் பரவிய கதையை ஊடகங்களும் ஏற்றுக்கொண்டன. மறுபக்கம், மேசைமேட்டு ஓடுபாதை (குன்றின் உச்சியில், முனைகளில் பள்ளத்தோடு அமைந்த ஓடுபாதை) என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது. 2021 செப்டம்பரில் வெளியான அறிக்கை சொன்னது: சீராக நிலைப்படாத இறங்குமுகத்தோடு தொடர்ந்து, துணை விமானி 'கோ அரவுண்ட்' (தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலெழு) என்று சொன்ன பிறகும் கைவிடாமல், ஓடுபாதையின் பாதி நீளம் கடந்து தரைதொட்டதே சாத்தியமான காரணம். மறுநாள் காலை விமானத்தை இயக்கக் கோழிக்கோட்டில் போதிய தலைமை விமானிகள் இல்லாததால் எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் இருந்திருக்கலாம் என்பதையும் அது பேசியது.

இரண்டு விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அதே நிறுவனம், அதே வகை விமானம், அதே தவறு, அதே போல் புறக்கணிக்கப்பட்ட துணை விமானியின் குரல். முதலாவதில் 'தூங்கிய விமானி', இரண்டாவதில் 'தியாகி விமானி' என்று எழுதியதால், ஒரு தவறு பத்தாண்டுகளில் திரும்பவும் நிகழ்ந்திருக்கிறது என்ற உண்மையான பெருஞ்செய்தி பெரும்பாலான வாசகர்களைச் சென்றடையவே இல்லை. இளையவர் மூத்தவரை மறுத்துப் பேச முடியாத பழக்கம், பணியாளர் அட்டவணை போன்றவற்றை எவரும் இரவு விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் பக்கத்திலும் இது நடந்தது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, அன்று மாலைக்குள்ளேயே சதி என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இறந்தோரின் கண்ணியத்தை மதித்து ஊகங்களைத் தவிர்க்குமாறு விமானப்படையே இரண்டு நாளில் வேண்டிக்கொண்டது. ஜனவரியில் வந்த முப்படை விசாரணையின் முடிவு, சதியும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானி திசைநிலை தடுமாறினார் என்பது. மலைச்சரிவில் மேகம் இறங்குவதை நாள்தோறும் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களில் பலர் முதல் நாளே அதைத்தான் சொன்னார்கள். ஒலிவாங்கியை நீட்டியவர்களுக்கு அது சுவைக்கவில்லை.

தாமிரபரணி

அனைவருக்கும் மிக்க நன்றி. பழைய ஹேங்கர் ஐயாவிடம் ஒரு சிறு கேள்வி: ஏர் இந்தியா 171 இறுதி அறிக்கையை எப்போது எதிர்பார்க்கலாம்? வரும்போது முதலில் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்?

பழைய ஹேங்கர்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் பிற்சேர்க்கைப்படி, இயன்றால் பன்னிரண்டு மாதங்களுக்குள் இறுதி அறிக்கையை வெளியிட வேண்டும். முடியாவிட்டால், ஒவ்வோர் ஆண்டு நிறைவு நாளிலும் இடைக்கால அறிக்கை ஒன்றாவது தர வேண்டும். ஆகவே 2026 ஜூன் 12 வாக்கில் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். அன்று எல்லாரும் 'சாத்தியமான காரணம்' என்ற பத்தியைத்தான் பாய்ந்து படிப்பார்கள். நீங்கள் அதற்கு முன்னுள்ள கண்டறிதல்களையும் இறுதியில் உள்ள பாதுகாப்புப் பரிந்துரைகளையும் முதலில் படியுங்கள். விமானி அறை ஒலிப்பதிவிலிருந்து எவ்வளவு தந்திருக்கிறார்கள், அந்த ஒரு வரி உரையாடலுக்கு நேரமும் பேசியவரும் குறிக்கப்பட்டிருக்கிறார்களா, சுவிட்சுகளின் சிதைவுகளைப் பிரித்துச் சோதித்த விவரம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, இதே இழையில் எழுதுங்கள்.